சொஜ்ஜி, பஜ்ஜி, எஃகு

அரிச்சுவடியில் அம்மா, ஆடு, இலை என்று ஜோராகப் போய்க்கொண்டிருந்த வண்டி, ஃ வந்ததும் மண்ணில் புதையும். அந்த மூன்று புள்ளிக்கு ஒரு சொல் வேண்டுமே என்று தவித்த வாத்தியார்களுக்குக் கைகொடுத்தது எஃகு. எஃகு என்றால் என்ன டீச்சர் என்று கேட்டதற்கு எங்கள் வகுப்பில் கிடைத்த பதில்: "இரும்பு மாதிரி, ஆனா இரும்பு இல்ல. உட்காரு." கரி கொஞ்சம், பக்குவம் கொஞ்சம் சேர்ந்த இரும்பு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அந்த எழுத்துக்கு ஏன் மூன்று புள்ளி என்பது இந்திய எஃகு ஆலைகளின் கதையைப் படித்த பிறகுதான் புரிந்தது. நம் சர்க்கார் எஃகு ஆலை என்று ஆரம்பித்தாலே மும்மூன்றாகத்தான் ஆரம்பிக்கும்.

அதற்கு முன்னால் ஒரு தனிப் புள்ளி இருந்தது, டாடா. அவர்கள் ஆலை வைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சர் ஃப்ரெடரிக் அப்காட் என்ற ரயில்வே பெரிய துரைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிரிட்டிஷ் தரத்தில் இவர்கள் தண்டவாளம் செய்தால் அதை ஒரு பவுண்டு விடாமல் நானே தின்கிறேன் என்று சவால் விட்டதாகச் சொல்வார்கள். ஜம்ஷெட்ஜி டாடா 1904-ல் காலமாகிவிட்டார். பிள்ளை தோராப்ஜி லண்டனில் போய் முதல் கேட்டார். லண்டன் கையை விரித்தது. 1907-ல் இங்கேயே பங்கு விற்றால், மூன்றே வாரத்தில் பணம் வந்து விழுந்தது. 1912-ல் சாக்சி என்ற கிராமத்தில் எஃகு உருள ஆரம்பித்தது. முதல் உலகப் போர் வந்து, மெசபடோமியாவுக்கு மட்டும் 1,500 மைல் தண்டவாளம் அங்கிருந்து கப்பலேறியது. துரை சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் அஜீரணம் ஆகியிருக்கும் என்று தோராப்ஜி சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. கொஞ்சமா! ஓமத் தண்ணீரை டேங்கர் ரயிலில் அல்லவா அனுப்பியிருக்க வேண்டும்?

சுதந்திரம் வந்தபோது வீட்டில் இருந்த எஃகு, வருஷத்துக்குப் பத்து லட்சம் டன் சுமார். அணை கட்ட வேண்டும், பாலம் கட்ட வேண்டும், ரயில் ஓட வேண்டும். நேருவுக்குப் பக்கத்தில் பி.சி. மகலனோபிஸ் இருந்தார், புள்ளியியல்காரர், புள்ளி வைத்துத்தான் பேசுவார். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் அவர் வைத்த கோலத்துக்கு மூன்று பெரிய புள்ளிகள் விழுந்தன. ஒரிசாவில் ரூர்கேலா, மத்தியப் பிரதேசத்தில் பிலாய், வங்காளத்தில் துர்காபூர். மூன்று பெண்கள். கையில் நகையும் இல்லை, ரொக்கமும் இல்லை. வரன் வெளிநாட்டில் பார்ப்பது என்று முடிவானது.

முதலில் வந்தது ஜெர்மன் வரன். க்ரூப், டெமாக் என்று கம்பீரமான குடும்பப் பெயர்கள். மாப்பிள்ளை வீட்டார் பழைய கதையைக் கிளறக் கூடாது. கிளறினால் நியூரம்பெர்க் வரை போகும். ஆல்ஃப்ரீட் க்ரூப் அப்போதுதான் சிறையிலிருந்து வந்திருந்தார். உன் ஊரில் இருக்கிற நிலக்கரி, எஃகுச் சொத்தையெல்லாம் விற்றுவிடு என்று ஜெயித்த நாடுகள் 1953-ல் அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தன. அதே வருஷம் அவர் நமக்கு எஃகு ஆலை கட்டிக்கொடுக்கப் பேச்சு நடத்திக்கொண்டிருந்தார். சொந்த ஊரில் அடுப்புப் பற்ற வைக்காதே என்றால், மனிதர் சம்பந்தி வீட்டில் சமைக்கக் கிளம்பிவிட்டார்.

ரூர்கேலாவுக்கு முதலில் பேசியது 5 லட்சம் டன். அதற்குள் 1955 பிப்ரவரியில் ரஷ்ய வரன் குதித்து பிலாய்க்கு 10 லட்சம் டன் என்றது. வட்டி 2.5 சதவீதம், பன்னிரண்டு வருஷத் தவணை. அடகுக் கடை வாசலில் நின்று பழகிய தேசத்துக்கு மயக்கமே வந்துவிட்டது. இளையவளுக்குப் பத்து, மூத்தவளுக்கு ஐந்து என்றால் ஊர் சிரிக்காதா? ரூர்கேலாவையும் 10 லட்சமாக்கினார்கள். ஒரு நாட்டின் எஃகுத் திறன் இப்படியும் வளரும் என்று எந்தப் பொருளாதாரப் புத்தகத்திலும் போட்டிருக்காது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த இங்கிலாந்துக்குப் பொறுக்கவில்லை. இருநூறு வருஷம் நம் வீட்டிலேயே சாப்பிட்டவர்கள், இப்போது ஜெர்மானியனும் ரஷ்யனும் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பதிமூன்று கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்து வந்து துர்காபூரைக் கேட்டன. மாப்பிள்ளை ஒருவர்தான், கூட வந்த மாமாக்கள் பன்னிரண்டு பேர். இரும்பு எஃகு இலாகா அப்போது நம் டி.டி.கிருஷ்ணமாச்சாரி கையில். மூன்று சம்பந்திகளையும் ஒரே நேரத்தில் காபி கொடுத்து உட்காரவைத்து, ஒருவர் சொன்ன விலையை இன்னொருவர் காதில் விழும்படி இருமுவதற்கு அவரைவிட்டால் யார்?

முகூர்த்தம் 1959 பிப்ரவரியில் அமைந்தது. குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்துக்குத்தான் அலைச்சல். 3-ம் தேதி ரூர்கேலாவில் ஊதுலை திறப்பு, 4-ம் தேதி பிலாயில் ஊதுலை திறப்பு. வைகாசி மாசத்தில் ஒரே நாளில் இரண்டு கல்யாணத்துக்கு மொய் எழுத ஓடுகிற நம் ஊர்ப் பெரிசுகளுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். ஒரு மேடையில் ஜெர்மன் உழைப்பைப் புகழ்ந்த ஈரம் காய்வதற்குள் அடுத்த மேடையில் சோவியத் நட்பு. துர்காபூர்க்காரர்கள் டிசம்பர் கடைசியில்தான் அழைத்தார்கள். அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். பிறகு சம்பந்திகள் பெண்ணைப் பார்க்க வந்து போனார்கள். 1960-ல் பிலாய்க்கு குருஷ்சேவ், 1961-ல் துர்காபூருக்கு எலிசபெத் ராணி.

ஊதுலைக்குப் பெண் பெயர் வைப்பது நம் வழக்கம். ரூர்கேலாவின் முதல் ஊதுலை பார்வதி. உள்ளே இரும்புக்கல், கோக் கரி, சுண்ணாம்புக்கல், கீழிருந்து அனல் காற்று, 1,500 டிகிரிக்குக் கிட்டத்தட்ட உருகி ஓடும் இரும்பு. ஒருமுறை பற்றவைத்தால் வருஷக்கணக்கில் அணைக்க முடியாது. பார்வதி என்று பெயர் வைத்தவருக்குக் குடும்ப அனுபவம் இருந்திருக்க வேண்டும்.

ஊதுலையிலிருந்து வருவது இரும்பு. எஃகாக்குவது அடுத்த அறை வேலை. பிலாயில் ரஷ்யர்கள் வைத்தது திறந்த உலை. விறகடுப்பில் பால் பாயசம் காய்ச்சுவதுபோல ஒரு ஈடு இறங்க எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஆகும். நடுவில் சாப்பிட்டுவிட்டு வரலாம். ரூர்கேலாவில் ஜெர்மானியர்கள் கொண்டுவந்த புதுச் சரக்கின் பெயர் எல்.டி. அது ஜெர்மன் சரக்கும் அல்ல. ஆஸ்திரியாவில் லின்ஸ், டோனாவிட்ஸ் என்ற இரண்டு ஊர்களில் 1952, 53-ல்தான் தொழிலுக்கு வந்திருந்தது. பேரிக்காய் வடிவத்தில் ஒரு பெரிய பானை. அதில் உருகிய இரும்பை ஊற்று, மேலிருந்து ஒரு குழாயை இறக்கு, சுத்தமான ஆக்சிஜனை ஊது. பானை வாயிலிருந்து பேய் வந்ததுபோல் நெருப்பு சீறும், கரி எரிந்து போகும், முக்கால் மணி நேரத்துக்குள் எஃகு தயார். பிரஷர் குக்கர் என்றே சொல்லலாம். அமெரிக்காவின் பெரிய ஆலைகளே அதை வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரிசாக் காட்டில் விசில் அடித்தது. ஆனாலும் நாம் யார்? குக்கர் வாங்கிய வீட்டில் மாமியார் விறகடுப்பை இடிக்கவிடுவாரா? ரூர்கேலாவில் எல்.டி. பானை மூன்றும், பக்கத்திலேயே திறந்த உலை நான்கும் வைத்தார்கள். எது எப்போது காலை வாரும் என்று யாருக்குத் தெரியும்.

இந்த மூன்று கல்யாணத்துக்கும் வீட்டைக் காலி செய்துகொடுத்த கிராமத்துக்காரர்களுக்கு, ரூர்கேலாவில் பெரும்பாலும் ஆதிவாசிகளுக்கு, பந்தியில் இலை போடவில்லை. அவர்கள் பெயரில் எந்த ஊதுலையும் இல்லை.

நாலாவது பெண் பொகாரோ. இதற்கு அமெரிக்க மாப்பிள்ளைதான் என்று டெல்லியில் ஒரு பிடிவாதம். ரஷ்யாக்காரன் ஒரு பக்கம் இருந்தால் அமெரிக்காக்காரன் மறுபக்கம் இருக்க வேண்டும், பல்லக்கு சாயாமல் இருக்கும். அமெரிக்கத் தூதர் கால்பிரைத் தரகர் வேலை பார்த்தார். உயரமான மனிதர், பொருளாதாரப் பேராசிரியர், பெண்ணைப் பற்றி நல்லதாகவே சொன்னார். மாப்பிள்ளைக்கும் இஷ்டம், கென்னடி வெளிப்படையாகவே ஆதரித்துப் பேசினார். யு.எஸ். ஸ்டீல் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து இடத்தைப் பார்த்து, மண்ணைப் பார்த்து, தண்ணீரைப் பார்த்துக் கட்டுக்கட்டாக அறிக்கை எழுதினார்கள். சொஜ்ஜி சாப்பிட்டார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், பெண்ணைப் பாடவும் சொன்னார்கள். ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று கிளம்பினார்கள்.

அங்கே வீட்டில் பெரியவர்களுக்குச் சம்மதமில்லை. ஆலை அரசாங்கத்துக்குச் சொந்தமாமே? நம் பணத்தில் சோஷலிசம் வளர்ப்பதா? 1963 மார்ச்சில் ஜெனரல் க்ளே தலைமையில் ஒரு கமிட்டி, இந்த மாதிரி சம்பந்தமெல்லாம் வேண்டாம் என்று எழுதிவிட்டது. அமெரிக்க காங்கிரஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டில் வேண்டாம் என்று சொல்லுமுன் பெண் வீட்டில் ஜாதகத்தைத் திருப்பி வாங்கிவிட்டால் கௌரவம் மிஞ்சும். நேரு அந்த வருஷமே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். எஃகு மந்திரியாக இருந்து அந்தச் சங்கடத்தைக் கண்ணால் பார்த்தவர் நம் சி.சுப்பிரமணியம்.

கதவைச் சாத்தப் போனால் வெளியே ரஷ்யா நின்றுகொண்டிருந்தது. 1965 ஜனவரியில் ஒப்பந்தம் ஆகிவிட்டது. இந்த அவசரத்தில் ஒருவரை எல்லாரும் மறந்தார்கள். எம்.என். தஸ்தூர் என்ற நம் ஊர்ப் பொறியாளர் பொகாரோவுக்கு முன்னமே திட்டம் போட்டுவைத்திருந்தார். ரஷ்யத் திட்டத்தைப் படித்துப் பார்த்து, இதில் நூறு கோடி ரூபாய்க்கு மேல் மிச்சம் பிடிக்கலாமே என்று கணக்கும் எழுதிக்கொடுத்தார். கல்யாண வீட்டில் மளிகைச் சாமான் லிஸ்டைத் திருத்துகிற தாய்மாமனுக்கு என்ன மரியாதை கிடைக்குமோ அது அவருக்குக் கிடைத்தது. பொகாரோவின் முதல் ஊதுலை எரிய 1972 அக்டோபர் 2 ஆனது.

இதுவரை வந்தது முதல் ஃ. இரண்டாவது ஃ 1970-ல் விழுந்தது. அதற்கு வெளிநாட்டு வரன்கூடத் தேவைப்படவில்லை. கல் போதும்.

காங்கிரஸ் 1969-ல் உடைந்து, இந்திரா காந்தியின் அரசு நாடாளுமன்றத்தில் ஒற்றைக் காலில் நின்றது. தாங்கிப் பிடித்த கைகளில் தி.மு.க.வின் கையும் உண்டு. 1967 தேர்தலில் ஜெயித்த 25 எம்.பி.க்கள். அந்தக் கட்சி சேலம் உருக்காலை கேட்டு, அண்ணா முதல்வராக இருந்தபோதே எழுச்சி நாள் நடத்தியிருந்தது. சேதுக் கால்வாயும் அதே பட்டியலில் இருந்தது. (கால்வாயை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.) ஆந்திராவில் விசாகப்பட்டினத்துக்கு ஆலை கேட்டு 1966-ல் ஊரே தெருவுக்கு வந்தது. உக்கு எங்கள் உரிமை என்றார்கள். உக்கு என்றால் தெலுங்கில் எஃகு. வூட்ஸ் என்று வெள்ளைக்காரன் வாயில் புகுந்து உலகம் சுற்றிய சொல் அதுதான் என்பார்கள். போலீஸ் சுட்டதில் 32 பேர் செத்தார்கள். அந்த இடத்தில் எனக்கு ஜோக் எழுதத் தெரியவில்லை.

1970 ஏப்ரல் 17-ல் இந்திரா நாடாளுமன்றத்தில் எழுந்து மூன்று ஆலைகளை அறிவித்தார். சேலம், விசாகப்பட்டினம், கர்நாடகத்தில் ஹோஸ்பெட் பக்கம் விஜயநகரம். தெற்கே மூன்று மாநிலம், மூன்று ஆலை, ஒரே மூச்சில். குழந்தைகள் சண்டை போட்டால் கமர்கட்டைச் சரிசமமாக உடைத்துக்கொடுக்கிற பாட்டியின் நியாயம். கல் நாட்டுவதில் தாமதமே இல்லை. சேலத்துக்கு 1970 செப்டம்பர் 16; முதல்வர் கலைஞர் பக்கத்தில் இருந்தார். விசாகப்பட்டினத்துக்கு 1971 ஜனவரி. விஜயநகரத்துக்கும் அந்த வருஷமே. தென்னிந்தியாவின் அடிக்கல் உற்பத்தி அந்த ஒன்றரை வருஷத்தில் தொட்ட உச்சத்தை அதன் எஃகு உற்பத்தி எட்டிப் பிடிக்க வெகு காலம் ஆனது.

விசாகப்பட்டினம் கல், கடற்காற்றில் பத்து வருஷத்துக்கு மேல் கிடந்தது. ஆலையை நாட்டுக்கு அர்ப்பணிக்கும்போது 1992. கல் நாட்டிய அன்று பிறந்த பிள்ளை டிகிரி முடித்துவிட்டு வேலை கேட்டு அதே வாசலில் நின்றிருக்கும். விஜயநகரம் கல்லுக்கு அந்த யோகமும் இல்லை. 1990-களில் ஜிண்டால் வந்து அந்தப் பக்கத்தில் ஆலை வைத்தார். அது இன்று வருஷத்துக்கு 1.2 கோடி டன்னுக்கு மேல் செய்யும் ராட்சசன். கல் சர்க்காருடையது, கட்டடம் தனியாருடையது.

சேலத்துக்கு வருவோம். சேலத்தில் என்ன இருக்கிறது? கஞ்சமலை இருக்கிறது. அடிவாரத்தில் சித்தர் கோவில், மேலே முழுக்க இரும்புக்கல். இதைப் பார்த்து மயங்கிய முதல் ஆள் இந்திரா அல்ல. ஜோஷியா மார்ஷல் ஹீத் என்ற கம்பெனி அதிகாரி, பார்த்த உத்தியோகத்தை விட்டுவிட்டு 1830-களில் சேலத்துக் கல்லை நம்பிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். கரிக்காகக் காடுகளை வெட்டித் தீர்த்தும் கடன் தீரவில்லை. இங்கிலாந்து போய், எஃகில் மாங்கனீசு சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்து 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு எஃகுக்காரர்கள் அவர் சொன்ன பொருளை அப்படியே போடாமல், அதற்கான சாமான்களைத் தனித்தனியாகப் போட்டு, இது வேறே என்று சொல்லிவிட்டார்கள். சாம்பார்ப் பொடிக்குக் காப்புரிமை வாங்கியவனிடம், நான் போட்டது மிளகாயும் தனியாவும்தானே என்று சொல்வதுபோல. வருஷக்கணக்கில் வழக்கு. தீர்ப்பு வருமுன் மனிதர் போய்ச் சேர்ந்தார். தீர்ப்பும் அவருக்கு எதிராகத்தான் வந்தது. கஞ்சமலை அப்போதே எச்சரித்திருக்கிறது.

கஞ்சமலைக் கல்லில் இரும்பு நூற்றுக்கு முப்பத்தைந்து, நாற்பது தேறினால் அதிகம். பக்கத்தில் கோக் கரி கிடையாது. நெய்வேலியில் இருப்பது பழுப்பு நிலக்கரி. அது கரண்டுக்கு ஆகும், ஊதுலைக்கு ஆகாது. கல் நாட்டிய பிறகு நிபுணர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள், எழுந்தார்கள், மறுபடி உட்கார்ந்தார்கள். கடைசியில் ஒரு யோசனை வந்தது. இரும்பிலிருந்து எஃகு செய்வதெல்லாம் எதற்கு? துருப்பிடிக்காத எஃகை வெளியிலிருந்து தகட்டுச் சுருளாக வாங்கி, இங்கே மெல்லிசாக உருட்டிப் பளபளப்பாக்கினால் போதாதா? 1981-82-ல் ஆலை அப்படித்தான் உற்பத்தியைத் தொடங்கியது, வருஷத்துக்கு 32,000 டன். செண்ட்சிமிர் என்றொரு இயந்திரம். சின்ன உருளைகளுக்குப் பின்னால் பெரிய உருளைகளாக இருபது உருளைகள் நின்று அழுத்த, தகடு முகம் பார்க்கிற கண்ணாடியாக வெளியே வரும். எவர்சில்வர்! இரும்பைப் பொன்னாக்கும் வித்தை தெரிந்தவர்கள் சித்தர்கள் என்பார்கள். அவர்கள் காலடியில் டெல்லி செய்துகாட்டியது, இரும்பே இல்லாமல் சில்வர்.

அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு மலையைத் தொடாத ஆலை என்று இதைப் பரிகாசம் செய்யலாம். ஆனால் எங்கள் வீட்டு அண்டா, குண்டான், தூக்குவாளி, சீர்வரிசைக் குடம், அதன் கழுத்தில் 'டொக் டொக்' என்று புள்ளி புள்ளியாய் வெட்டிய அத்தை பெயர், இவற்றையெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். ஒரு ஆலையின் கையில் தமிழர்களின் பலவீனத்தைக் கொடுத்தால் அது பிழைத்துக்கொள்ளும் என்று யாரோ சரியாகவே கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இந்த ஆலை வளர்ந்த விதத்தைத்தான் பாடமாக வைக்க வேண்டும். எஃகு ஆலை என்றால் முதலில் உருக்க வேண்டும், அடுத்து சூட்டோடு உருட்ட வேண்டும், கடைசியில் குளிர்ந்த பின் உருட்டி மெருகேற்ற வேண்டும். சேலத்தில் கடைசி வேலை 1981-ல் வந்தது. நடு வேலையான சூட்டு உருட்டாலை 1995-ல். முதல் வேலையான உருக்குக் கூடம் 2010-ல். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி கட்டி, பிறகு முதல் மாடி கட்டி, கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்துக் கடைக்காலுக்குக் குழி வெட்டிய வீடு. உருக்காலை என்று பலகை மாட்டிய நாள் முதல் ஏறத்தாழ முப்பது வருஷம் அங்கே எதுவும் உருகவில்லை. உருக்குக் கூடம் வந்த பிறகும் மின்வில் உலையில் பழைய இரும்பைப் போட்டு உருக்குகிறார்கள். கஞ்சமலை இன்னும் மலையாகவே இருக்கிறது. சித்தர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

வடக்கே பெண்கள் எல்லாம் பருத்துவிட்டார்கள். பிலாய் 70 லட்சம் டன், ரூர்கேலா 45 லட்சம் டன் என்று விரிவாக்கியிருக்கிறார்கள். ரூர்கேலாவில் பார்வதிக்குப் பிறகு துர்கா வந்தாள். 4,060 கன மீட்டர் வயிறு. பிலாயில் அதே அளவில் மகாமாயா. 2030-31-க்குள் நாட்டின் திறன் 30 கோடி டன் என்று 2017-ல் கொள்கையே எழுதிவைத்தாகிவிட்டது. அடிக்கல் எத்தனை வேண்டும் என்று அதில் போட்டிருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

சேலம் ஆலையில் 1993-ல் நாணய வில்லை வெட்டும் பிரிவு ஒன்றும் சேர்ந்தது. எவர்சில்வர் தகட்டிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டி நாணயச் சாலைக்கு அனுப்புவார்கள். அங்கே சிங்கமும் எண்ணும் விழுந்து காசாகும். காகிதத்தில் சேலம் உருக்காலை என்று இருந்தாலும் ஊர்க்காரர்களுக்கு அது இரும்பாலைதான். ரோட்டுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும்கூட அதே பெயர். போன மாசம் அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போக டவுன் பஸ் ஏறினேன். இரும்பாலைக்கு ஒரு டிக்கெட் என்று நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். கண்டக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இரும்பாலையா? சில்லறையாக் குடுங்க சார். நான் எங்க போறது சில்லறைக்கு?"